துப்பாக்கிக்கு ஏற்ற கோட்டு

எங்கள் கடையில் இடது பக்கம் தீவனம், வலது பக்கம் துப்பாக்கி, நடுவில் கல்லா. கோழித் தீவனத்துக்கு வருகிறவர்கள் போகும்போது ஒரு பெட்டி தோட்டாவும் எடுத்துக்கொள்வார்கள். தோட்டாவுக்கு வருகிறவர்கள் மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். வலது பக்கம் பத்தொன்பது வருஷமாக என் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு ஆளிடம்கூட "இதை வாங்கு" என்று நான் சொன்னது கிடையாது. பூட்ஸும் துப்பாக்கியும் ஒரு ஜாதி. எது கடிக்கும் என்று காலுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியும்.

கேள்வி மட்டும் மூன்று கேட்பேன். உடம்பில் எங்கே வைத்துக்கொள்ளப் போகிறாய்? அதற்கு மேல் என்ன உடுத்துவாய்? நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய்? இந்த மூன்றுக்கும் ஒருவன் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் துப்பாக்கி தானே முடிவாகிவிடும்.

2008 கோடையில் எர்வின் ரெய்மர் வந்தபோதும் இதையே கேட்டேன். எர்வினும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. மாடும் வைக்கோலும் அவன் பிழைப்பு. அறுபது வயது முடிந்த வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் வெளியூர் போய் வகுப்பில் உட்கார்ந்து, குறி பார்த்துச் சுட்டுக் காட்டி, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸ் வாங்கி வந்துவிட்டான். பக்கத்து நிலத்துக் காளை ஒன்றைத் தவிர அவனுக்கு இந்த மாவட்டத்தில் எதிரி கிடையாது.

அட்டையைத் துப்பாக்கிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தான். "கார்டு வந்திருச்சு லைல். இனி அதுக்கு ஒரு ஜோடி பாக்கணும்."

ஜோடியை அவனே பார்த்து வைத்திருந்தான். ஒன்றல்ல, இரண்டு. முதலாவது ஐந்து தோட்டா ரிவால்வர். குட்டை மூக்கு, ஒரு பவுண்டு கூட எடை இல்லை, உள்ளங்கையில் அடங்கும். இரண்டாவது பெரிய இரும்பு பிஸ்டல். தோட்டா நிரப்பினால் மூன்று பவுண்டை எட்டிப் பார்க்கும்.

"எங்க வைப்ப?" என்றேன்.

"சின்னதுன்னா பாக்கெட்ல. பெருசுன்னா இடுப்புல, உறை போட்டு."

"மேல என்ன போடுவ?"

எர்வின் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான். தோளில் வார் போட்ட, மார்புத் துணியும் கால்சட்டையும் ஒன்றாய்த் தைத்த நீல ஓவரால். எனக்குத் தெரிந்து மாட்டுக்கும் தேவாலயத்துக்கும் அவனுக்கு அதே உடுப்புதான். தேவாலயத்துக்குப் போடுவதைத் துவைத்துப் போடுவான், அவ்வளவுதான். "இதுதான். வேற என்னத்தப் போட?"

"எவ்வளவு நேரம் உக்காருவ?"

"டிராக்டர்ல எட்டு மணி நேரம். சர்ச்சுல ஒரு மணி நேரம். ரெண்டுல அந்த ஒரு மணி நேரந்தான் நீளம்."

விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. ஓவராலுக்கு பெல்ட் கிடையாது. பெல்ட் இல்லாமல் அந்தப் பெரிய இரும்பைத் தொங்கவிட வழி கிடையாது. பெல்ட் இருந்தாலும் மறைக்க மேலே ஒரு கோட்டு வேண்டும். அந்தக் காலத்தில் டெக்சாஸில் சட்டம் அப்படி. வைத்துக்கொள்ளலாம், வெளியே தெரியக் கூடாது. துணிக்கு மேல் அதன் உருவம் புடைத்துக்கொண்டு தெரிந்தால் சட்டம் என்ன செய்யுமோ, ஊர் சிரித்தே கொன்றுவிடும். ஆகவே சின்னதுதான். ஆனால் எர்வின் பெரியதைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது கையில நிக்குதுய்யா. சின்னதச் சுட்டுப் பாத்தேன், கோவேறு கழுதை உதைச்ச மாதிரி இருக்கு. அஞ்சுல மூணு எங்க போச்சுன்னே தெரியல."

அதுவும் உண்மை. சின்னது மறைக்கச் சுலபம், சுடக் கஷ்டம். பெரியது சுடச் சுகம், மறைக்கப் பாடு. உலகத்தில் இந்தப் பேரத்தில் சலுகை வாங்கியவன் ஒருவனும் இல்லை.

வகுப்பு நடத்துவதற்காக எங்களிடம் நீல ரப்பரில் செய்த போலித் துப்பாக்கிகள் உண்டு. உருவமும் எடையும் அசலைப் போலவே இருக்கும், சுடாது. இரண்டுக்கும் ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தேன். "ஒரு வாரம் மாத்தி மாத்தி வச்சுப் பாரு. உன் உடம்பு சொல்லும்."

"எனக்கு முதுகுல கண்ணு இல்லையே. தெரியுதா இல்லையான்னு யாரு சொல்லுவா?"

"நெல்டா இருக்கால்ல."

இதைச் சொன்னது நான்தான். மறைக்கவில்லை.

மறுநாள் காலை அவன் மனைவி நெல்டா ரெய்மர் வந்தாள். வாரத்துக்கு ஒரு மூட்டை கோழித் தீவனம் அவள் கணக்கு. அன்று மூட்டை இருக்கும் பக்கம் போகாமல் நேராக என் பக்கம் வந்து கண்ணாடி மேல் கைப்பையை வைத்தாள்.

"எர்வின் பெருச எடுத்தா கோட்டு போட்டே ஆகணும், இல்ல?"

"ஆகணும். இந்த வெயில்ல அத மறைக்க வேற வழி இல்ல."

"அப்ப பெருச எடுக்கச் சொல்லு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் அவர்கள் மகள் கெண்ட்ராவுக்குக் கல்யாணம். அதோடு எர்வினுக்கும் கோட்டுக்கும் இருக்கும் பகை ஊருக்கே தெரியும். 1975 ஆகஸ்டில் அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான். எர்வின் போட்டிருந்தது என் மாமாவிடம் வாங்கி வந்த கம்பளிக் கோட்டு. போதகர் "நீ இவளை" என்று ஆரம்பித்தார், எர்வின் புழுக்கத்தில் மயங்கி என் மேல் சாய்ந்தான். விழுந்தவனைப் பிடித்து, கோட்டைக் கழற்றி, பூச்சாடித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, படியில் உட்கார வைத்துத்தான் மிச்சக் கல்யாணம் நடந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் நெல்டா நிற்கிறாள். மாப்பிள்ளை நனைந்த கோழி மாதிரி காலடியில் உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் கோட்டைத் தொட்டதில்லை.

"வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க லைல். முப்பத்து மூணு வருஷமா பதில் சொல்லிட்டிருக்கேன். இந்தத் தடவ எனக்கு ஒரு படம் வேணும். எர்வின் கோட்டு போட்டு, எந்திரிச்சு நிக்கணும். பக்கத்துல கெண்ட்ரா. அது போதும்."

"அவன்கிட்ட நேரா கேளேன்."

"கேட்டாச்சு. கறுப்புல ஒரு புது ஓவரால் வாங்கிக்கிறேங்கறான். அது ரொம்ப மரியாதையா இருக்குமாம். சம்பந்தி ஹூஸ்டன்ல பல் டாக்டரு. அந்த மனுசன் தூங்கும்போதுகூட டை கட்டியிருப்பாரு போல. அவரு பக்கத்துல இவன் கறுப்பு ஓவரால்ல நின்னா, கரி அள்ள வந்தவன்னு நெனைக்க மாட்டாங்க?"

"துப்பாக்கி விஷயத்துல பொய் சொல்ல மாட்டேன் நெல்டா. ரெண்டும் நல்ல துப்பாக்கி. அவனுக்கு எது சரின்னு அவன்தான் சொல்லணும்."

"உன்கூட பேசறதுக்கு வேலிக்கம்பத்தோட பேசலாம்." கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சரி, பொய் சொல்ல வேணாம். அவன் கேட்டா உண்மையச் சொல்லு. கேக்காதத நீயா சொல்லாத. இதுவாவது முடியுமா?"

யோசித்துப் பார்த்தேன். தப்பாக எதுவும் தெரியவில்லை. "முடியும்," என்றேன்.

நெல்டா ஒரு மூட்டைத் தீவனமும், சாக்கு தைக்கும் வெள்ளை நூல் ஒரு கண்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

நான்காம் நாள் எர்வின் வந்தான். நடையில் ஒரு கோளாறு. தொடை தொடையோடு உரசாமல் இருக்க வாத்து மாதிரி அகட்டி வைத்து நடந்தான்.

"சின்னத பாக்கெட்ல வச்சுக்கிட்டு நெல்டா முன்னாடி நிக்கிறேன். தெரியுதாங்கறேன். தெரியுதுங்கறா. மாட்டுக் கொட்டாய்ல நிக்கிறேன், தெரியுதுங்கறா. முப்பது அடி தள்ளி நிக்கிறேன், அப்பவும் தெரியுதுங்கறா. நீ பாத்துச் சொல்லு." சுற்றித் திரும்பி நின்றான்.

பார்த்தேன். அந்த நீல ரப்பரின் குட்டை மூக்கு, உருளை, கைப்பிடி எல்லாம் துணியில் அச்சு அடித்த மாதிரி நின்றன. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தோட்டாவை எண்ணிவிடலாம்.

"தெரியுதா?"

"தெரியுது," என்றேன். உண்மைதான்.

"போன வாரம் இதே ஓவரால் தொளதொளன்னு கெடந்துச்சு லைல்."

"கெடந்துச்சு."

"நாலு ஓவரால் இருக்கு. நாலும் இறுக்கிப் பிடிக்குது. அப்ப துணிமேல தப்பில்ல. நான்தான் பெருத்துட்டேன்."

அவன் திரும்பியபோது இடுப்புப் பக்கத் தையலில் கெட்டியான வெள்ளை நூல் ஓடியிருப்பது என் கண்ணில் பட்டது. எங்கள் கடை நூல். சாக்குத் தையல், நெல்டா நன்றாகவே போட்டிருந்தாள். எர்வின் என்னைக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "நான்தான் பெருத்துட்டேன்" என்பது கேள்வி ஆகாது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அன்றிலிருந்து எர்வின் பட்டினி கிடக்க ஆரம்பித்தான். வைக்கோல் கட்டும் காலத்தில், வேறு மாதம் கிடைக்காத மாதிரி. பத்து நாள் கழித்து நெல்டா வந்து என்னிடம் முறையிட்டாள்.

"பீச் பழத்த மாவுக்குள்ள வச்சுச் சுட்டு, பீச் பை செஞ்சு வச்சா தட்டத் தள்ளி வச்சுட்டு எந்திரிக்கிறான். சூடா, மேல ஐஸ்கிரீம் போட்டு. அவன் அம்மா செத்த அன்னைக்குக்கூட ரெண்டு துண்டு தின்ன ஆளு."

"தையலப் பிரிச்சு விடு. சரியாயிடும்."

"கல்யாணம் முடியட்டும்." ஒரு தீவன மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். "ஒரு சிக்கல் இருக்கு லைல். எளச்சிட்டான். தொளதொளங்குது மறுபடியும்."

"அப்ப?"

"நேத்து இன்னும் அரை அங்குலம் பிடிச்சேன்."

ஜூலையில் எர்வின் சாக்கு நிறுக்கும் தராசில் ஏறி நின்றான். நான் எடைக்கல் தள்ளிப் பார்த்தேன். ஒன்பது பவுண்டு குறைவு. இறங்காமல் அப்படியே நின்றான்.

"ஒம்பது பவுண்டு போயிருக்கு. ஓவரால் முன்னைவிடப் பிடிக்குது. எட கொறையுது, உடம்பு பெருக்குது. இது என்ன நோவு லைல்?"

இது கேள்வி. எடைக்கல்லைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். "எனக்கு வைத்தியம் தெரியாது எர்வின்," என்றேன். அதுவும் உண்மைதான்.

தராசிலிருந்து இறங்கி, பாக்கெட்டிலிருந்து நீல ரிவால்வரை உருவிக் கண்ணாடி மேல் வைத்தான். உருவுவதற்கே இரண்டு கை வேண்டியிருந்தது. "எவனாவது துப்பாக்கியோட எதுக்க வந்தா, இத எடுக்கறதுக்குள்ள அவன் என்னைச் சுட்டுட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். பெருசே குடு."

"பெருசுக்கு பெல்ட் வேணும். கால்சட்ட வேணும். மேல..."

"தெரியும்யா. சொல்லாத அந்த வார்த்தைய."

கோட்டு வாங்க சான் அன்டோனியோவுக்கு மூன்று பேரும் போனோம். தெரிகிறதா இல்லையா என்று பார்க்க நடுநிலையான ஆள் ஒருவர் வேண்டும் என்று எர்வின் என்னையும் கூட்டிப்போனான். கடைக்காரர் அளவு நாடாவோடு வந்து, அவன் தோளையும் முதுகையும் அளந்துவிட்டு, கழுத்து அளவு கேட்கிற அதே குரலில் கேட்டார்: "வலது பக்கம் வைப்பீங்களா சார், இடது பக்கமா?"

"வலது."

"பெருசா?"

"பெருசு."

வலது பக்கம் இரண்டு விரல் அளவு கூடுதலாகத் துணி விட்டுத் தைக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் தைத்து வந்த கோட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பில் நீல பிஸ்டலோடு எர்வின் மூன்று கண்ணாடிக்கு நடுவில் நின்றான். பிடிக்காத மாட்டை ஏலத்தில் பார்க்கிற மாதிரி தன்னைப் பார்த்தான்.

"தெரியுதா?"

"தெரியல," என்றேன் நான். "தெரியல சார்," என்றார் கடைக்காரர். "தெரியல," என்றாள் நெல்டா. இரண்டு மாதத்தில் கலப்படம் இல்லாமல் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான். சொல்லிவிட்டு டை மாட்டியிருந்த பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. ஆற்றோரத்தில் இருந்த பழைய நடன மண்டபத்தை அந்த வருஷம்தான் யாரோ வெளியூர்க்காரர் வாங்கி, வெள்ளையடித்து, கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வெயில் நூற்றுமூன்று டிகிரி. நான் போய் வண்டியை நிறுத்தியபோது மணி மூன்று ஐம்பது. மண்டப வாசலில் மணப்பெண்ணின் தகப்பன், கோட்டும் சூட்டுமாக, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கையில் அளவு நாடா.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாசலுக்கு வலது பக்கம் ஒரு பலகை. லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று சட்டம் சொல்லும் அதே வாசகம், ஆங்கிலத்தில் ஒரு தடவை, ஸ்பானிஷில் ஒரு தடவை.

"எழுத்து ஒரு அங்குலம் ஒசரம் இருக்கணும்," என்றான் எர்வின், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "சட்டம். வகுப்புல சொன்னாங்க. கொறஞ்சா பலகை செல்லாது."

"உள்ள கெண்ட்ரா காத்திட்டிருப்பா."

"இங்கிலீஷ் முடிஞ்சுது. அத்தனையும் ஒரு அங்குலம். ஸ்பானிஷ்ல பாதி வந்துட்டேன்." குனிந்தான். "இந்தா, இந்த எழுத்து சின்னதா இருக்கு."

"அது உன் தலை நிழல்."

தலையை நகர்த்தினான். எழுத்து ஒரு அங்குலம் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி வெளியே வந்தார், பல் டாக்டர். நூற்றுமூன்று டிகிரியிலும் அவர் சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இல்லை. "என்ன அளக்குறீங்க மிஸ்டர் ரெய்மர்?"

"பலகைய."

"சரியா இருக்கா?"

"ரொம்பச் சரியா இருக்கு," என்றான் எர்வின் வருத்தத்தோடு. "செஞ்சவன் வேலை தெரிஞ்சவன்."

டாக்டர் பலகையைத் தானும் ஒரு முறை மரியாதையாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எர்வின் தன் டிரக்குக்கு நடந்தான். நானும் கூடவே போனேன். எர்வின் சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. மான் வேட்டைக் காலம் ஆரம்பிக்கிற காலையில் கைக்கடிகாரத்தை ரேடியோவோடு சரிபார்த்துவிட்டுத்தான் முதல் தோட்டாவையே போடுவான். கதவைத் திறந்து, பிஸ்டலை உருவி, தோட்டாவைக் கழற்றி, முன்பெட்டியில் வைத்துப் பூட்டினான். பிறகு நிமிர்ந்தான். நெற்றியிலிருந்து வியர்வை தாடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"லைல். மறைக்கறதுக்கு இப்ப என்ன இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு கை கோட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது.

உள்ளே முதல் வரிசையில் நெல்டா உட்கார்ந்திருக்கிறாள். வாசலுக்கு உள்ளே படம் பிடிக்கிறவன் கருவியோடு தயாராக நிற்கிறான். இன்னும் ஐந்து நிமிஷம். போட்டுக்கொள்ளடா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டவன் நான். அவள் எனக்குப் போட்ட கட்டு, அவளுக்கே கால்கட்டாகி நின்றது.

அடுத்த கையையும் பாதி உருவிய எர்வின் அப்படியே நின்றான். குனிந்து இடுப்பைப் பார்த்தான்.

"இந்த உறை தெரியுதா?"

பார்த்தேன். புதுத் தோல், பழுப்பு நிறம், என் உள்ளங்கையைவிடப் பெரியது. வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில், குஞ்சுப் பறவை இரைக்கு வாயைப் பிளந்த மாதிரி, காலியாகத் திறந்துகொண்டு நின்றது.

"தெரியுது," என்றேன்.

"ரொம்பவா?"

"உறை இருக்கறதும் தெரியுது. அதுக்குள்ள ஒண்ணும் இல்லேங்கறதும் தெரியுது."

உறையைக் கழற்றப் பார்த்தான். அது பெல்ட்டில் கோத்தது. பெல்ட்டை உருவினால்தான் வரும். கொக்கியில் கை வைத்தான். கால்சட்டை ஜூலை அளவுக்குத் தைத்தது. அதற்குப் பிறகும் அவன் பட்டினி நிற்கவில்லை, இன்னும் ஐந்து பவுண்டு போயிருந்தது. கொக்கி ஒரு ஓட்டை தளர்ந்ததுமே கால்சட்டை நகர ஆரம்பித்தது. அடுத்த காரில் போதகரின் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு, அழைப்பிதழால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசிறுவது நின்றது. எர்வின் கொக்கியைப் பழைய ஓட்டையிலேயே மாட்டினான்.

"துப்பாக்கியோட வந்தான்னு சொன்னா பொறுத்துக்கலாம்," என்றான் மெதுவாக. "துப்பாக்கிய எங்கயோ தொலைச்சுட்டு வெறும் உறையோட மகளக் கட்டிக்குடுத்தான்னு சொல்லுவானுங்க. நான் செத்த பெறகும் சொல்லுவானுங்க."

உள்ளே இசை ஆரம்பித்தது. அவன் ஒரு கையை நுழைத்தான், மறு கையை நுழைத்தான், பொத்தானைப் போட்டான். "தெரியுதா?"

"தெரியல."

கெண்ட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் நடந்து போகும்போது, நான் ஓரத்தில் கூடவே நகர்ந்துகொண்டு போனேன், இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டு. பிடித்த அனுபவம் உள்ளவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தானே. பாதி வழியில் அவன் காது சிவந்தது. கெண்ட்ரா அவன் பக்கம் சாய்ந்து, "அப்பா, விழறதா இருந்தா என் துணி மேல மட்டும் விழாதீங்க," என்றாள். "வாய மூடிட்டு நட," என்றான் எர்வின். போய்ச் சேர்ந்தார்கள். நின்றான். போதகர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். மகள் கையைக் கொடுத்தான். படம் பிடிக்கிறவன் எட்டுப் படம் எடுத்தான், எட்டிலும் நிற்கிறான்.

சாப்பாட்டிலும் நடனத்திலும்கூட அவன் கோட்டைக் கழற்றவில்லை. கழற்ற முடியாது. டாக்டரே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டார், எர்வின் போட்டுக்கொண்டிருந்தான். "உங்க கணவர் ரொம்ப மரியாதை பார்க்கிறவர்," என்று டாக்டரின் மனைவி நெல்டாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு எர்வினும் நெல்டாவும் ஆடினார்கள். அவள் கை அவன் இடுப்புப் பக்கம் போய், எதிலோ பட்டு, நின்று, அதைத் தடவிப் பார்த்தது. அவன் தோளுக்கு மேலே என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை கடைக்கு பீச் பை வந்தது. முழுசாக.

"எர்வின் சொன்னான்," என்றாள் நெல்டா. "கோட்டக் கழட்டப் போனப்ப, உறை தெரியுதுன்னு சொன்னியாமே."

"தெரிஞ்சுது நெல்டா."

"ஆமா ஆமா."

"நெசமாவே தெரிஞ்சுது. நூறு அடியிலேர்ந்து தெரியும்."

"எனக்குத் தெரியும் லைல்." என் கைமேல் தட்டிக் கொடுத்தாள். "இத்தன வருஷத்துல ஒரே ஒரு பொய். அதுவும் எனக்காக. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. பையைத் தின்னாமல் திருப்பிக் கொடுத்தால் நம்புவாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் நல்ல பை.

செப்டம்பரில் எர்வின் பெரியதைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டான். ஓவரால் நான்கும் தானாகத் தொளதொளத்துவிட்டன என்றான். இடுப்பில் பழைய தையல் ஓட்டைகள் வரிசையாக இருந்தன, அவன் பார்க்கவில்லை. இப்போது தினம் இரண்டு துண்டு பை தின்கிறான், ஓவரால் இறுக்கிப் பிடிக்கவில்லை. பட்டினி கிடந்தால் பெருக்கும், தின்றால் இளைக்கும், தன் உடம்பு அப்படிப்பட்ட உடம்பு என்று கண்டுபிடித்திருக்கிறான். ஊரில் வேறு இரண்டு பேருக்கும் சிபாரிசு செய்திருக்கிறான்.

கூடத்தில் பழைய படத்துக்குப் பக்கத்தில் புதுப் படம் மாட்டியாகிவிட்டது. எர்வின் நிமிர்ந்து நிற்கிறான். கோட்டின் பொத்தான் போட்டிருக்கிறது. பக்கத்தில் கெண்ட்ரா சிரிக்கிறாள். நெல்டா கேட்டது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த வெறும் உறையும், கடைக்காரர் விட்டுத் தைத்த இரண்டு விரல் துணியும் சேர்ந்து, படம் எடுத்த கோணத்தில் வலது இடுப்பு ஒரு பூசணிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். "மக கல்யாணத்துலயுமா எர்வின்?" என்கிறார்கள்.

"அன்னைக்கு ஒருநாள்தான்யா நான் வச்சுக்கல," என்கிறான் எர்வின். "லைலக் கேளுங்க."

என்னைக் கேட்கிறார்கள். அவனிடம் அன்று துப்பாக்கி இல்லை, வண்டியில் பூட்டியதை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்கிறேன். நெல்டா காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள்.